உப்புக்காற்றில் 360 சதுர அடி: தன்னார்வலர் சேர்ந்து கட்டித்தரும் வீடு எப்படி இருக்கிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்திலும், தேவிபட்டினம், தொண்டி என்று வடகடல் (பாக் நீரிணை) ஓரத்திலும் ஓலைக் குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் சின்னதாக ஒரு தளம் போட்ட வீடு எழுப்பும் வேலை ஓயாமல் நடக்கிறது. பணத்தில் பெரும்பங்கு அரசுத் திட்டத்திலிருந்து வருகிறது. மிச்சத்தைத் தொண்டு நிறுவனம், ஊர்க் கமிட்டி, கல்லூரிப் பிள்ளைகள், வீடு பெறும் குடும்பம் ஆகிய நாலு பேரும் சேர்ந்து இழுக்கிறார்கள். இந்தக் கூட்டு முறையைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். ஒரு தனி நிறுவனத்துக்கு மார்க் போடும் உத்தேசம் இல்லை. வேலை எங்கே நடந்தாலும் குறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஆட்கள் அருமையானவர்கள், வேலைப் பங்கீடு தப்பு. மாணவர்கள் கையில் கொத்துக்கரண்டியைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்க வேண்டியது தளம் நனைக்கும் தண்ணீர் டியூபும் அளவு வாளியும்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. உள்நாட்டிலேயே இழுத்துப் பிடித்துத்தான் கட்ட வேண்டிய தொகை இது. கரையில் ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும், நல்ல தண்ணீரையும் விலைக்கு வாங்க வேண்டும். ராமேசுவரம் தீவு என்றால் எல்லாமே பாம்பன் தாண்டி வர வேண்டும். துண்டு விழுவது இங்கேதான். தன்னார்வலர் வந்தால் கூலி முழுக்க மிச்சம் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. கட்டுமானச் செலவில் கூலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங்காரர் கூலியைத் தொட முடியாது. மிச்சமாவது சித்தாள் பங்கு மட்டும். அந்தக் காசை வேறெங்கும் கரைக்காமல் நல்ல தண்ணீருக்கும், கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக்குக்கும் திருப்பினால்தான் இந்த முறைக்கு அர்த்தம்.

வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பைப் போட வேண்டும் என்ற ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பரப்பியது, 1976-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. இந்தியாவில் 1983-லிருந்து அவர்கள் வேலை நடக்கிறது. அந்த ஏற்பாடு நம் கரையில் நன்றாகவே ஒட்டும், காலண்டரைப் பார்த்துச் செய்தால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற ஆண்கள் அப்போது கரையில் இருப்பார்கள். வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு வேறு கணக்கு. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மணிக்கணக்கு நிர்ணயிக்கும் திட்டங்கள் முட்டிக்கொள்வது இதனால்தான். தடைக்காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊரிலேயே தண்ணீர் கிடைக்காத, வெயில் உச்சத்தில் நிற்கிற மாதங்கள் அவை. ஆள் கிடைக்கும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காது. நல்ல கமிட்டி இரண்டையும் பிரித்துவிடும்: வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது, அஸ்திவாரம், பேஸ்மெண்ட் நிரப்புவது போன்ற உடலுழைப்பைத் தடைக்காலத்தில் முடித்து, தளத்தைத் தண்ணீர் உறுதியான பிறகு வைத்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இந்த வீடுகளின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நூலான ஐ.எஸ். 456 விதி. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை அனுமதி. கரையோர போர்வெல் பலவற்றில் வாயில் வைத்தாலே கரிக்கும். அது முதல் விதிக்குத் தேறாது. தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி எல்லா லாரித் தண்ணீரையும் இறக்கும் முன் பார்க்கச் சொல்லுங்கள், இதற்குப் படிப்பு வேண்டாம். 500-க்குள் காட்டினால் குளோரைடும் கண்டிப்பாக அதற்குள்தான் இருக்கும், தாராளமாக இறக்கலாம். அதற்கு மேல் போனால் குளோரைடு சோதனை செய்த பிறகுதான் தளத்துக்கு. சோதனையில் தேறாததை வேலியோரச் செடிக்கு ஊற்றுங்கள். செங்கல் நனைக்கக் கூட வேண்டாம். கல்லுக்குள் போன உப்பு பூச்சு காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்து வெளியே வரும், வரும்போது காரையையும் தள்ளிக்கொண்டு வரும்.

எவ்வளவு தண்ணீர்? 300 சதுர அடித் தளத்தை 5 அங்குலத்துக்குப் போட்டால் 125 கன அடி, அதாவது சுமார் மூன்றரை கன மீட்டர். கன மீட்டருக்கு 8 மூட்டை என்று வைத்தால் 28 மூட்டை சிமெண்ட். மூட்டைக்கு 22 லிட்டர் வீதம் கலவைக்கு 620 லிட்டர் ஆகிறது. தளத்தின் மேல் பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்த முதல் நிரப்புக்கு மட்டும் 1,400 லிட்டர் வேண்டும். வெயிலில் ஆவியாவதைத் தினமும் ஈடுகட்ட வேண்டும். ஆக கலவையைவிடப் பல மடங்கு நனைப்பதற்குத்தான். ஆனால் பட்ஜெட் தாளில் நனைப்புத் தண்ணீருக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, 'இதர செலவு' என்று இருக்கும்.

இங்கேதான் மாணவர்களின் உண்மையான பயன். நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் 7 நாள். சாதாரண சிமெண்டுக்கு விதிப்படி நனைப்பும் குறைந்தது 7 நாள். தளம் போட்ட மறுநாள் முகாம் தொடங்கும்படி தேதி வைத்தால் அந்த வாரம் முழுக்க பாத்தி காயாமல் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருக்கும். கடையில் இப்போது கிடைப்பதோ பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி., இல்லாவிட்டால் கசடு கலந்த பி.எஸ்.சி. உப்புக் கரைக்கு இவைதான் நல்லது, குளோரைடு உள்ளே இறங்குவதை மட்டுப்படுத்தும். ஆனால் இவற்றுக்கு 10 நாள் நனைக்க வேண்டும். முகாம் கூடாரத்தைப் பிரித்த பிறகு வரும் அந்த மூன்று நாளை யார் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதி வாங்குங்கள். சாக்கு விரித்து நனைத்தால் தண்ணீர் குறையும். விரித்த சாக்கு காய்ந்து கிடந்தால் பிரயோசனமில்லை.

இனி கவர், அதாவது கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம். பழைய திட்ட வீட்டுச் சன்ஷேடு எதையாவது அண்ணாந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் வரிசையிலேயே நேராக ஒரு விரிசல், ஓரத்தில் பழுப்புக் கறை, ஒரு முழத்துக்குக் காரை பெயர்ந்து கம்பி தெரியும். துரு, இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை அது பிளந்துகொண்டு வருகிறது. வழக்கமான கொத்து வேலையில் கம்பிக்குக் கீழே அரை அங்குலமோ முக்கால் அங்குலமோதான் விடுவார்கள், அதையும் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்து. கடலோரத்தில் நேரடிக் காற்று படாமல் மறைவாக இருக்கும் பாகத்துக்கு 30 மில்லிமீட்டர், காற்று நேராக அடிக்கும் பாகத்துக்கு 45 மில்லிமீட்டர் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. கான்கிரீட் தரமும் முதலாவதற்கு எம்25, இரண்டாவதற்கு எம்30. தளத்தை வழக்கமான 4 அங்குலத்தில் நிறுத்தாமல் 5 அங்குலமாக்கச் சொல்வது இந்தக் கவருக்காகத்தான். 4 அங்குலத்தில் கவரை மட்டும் கூட்டினால் கம்பி நடுவுக்கு ஏறித் தளம் பலமிழக்கும்.

கவர் பிளாக் செய்வது தன்னார்வலருக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சலித்த எம்-சாண்ட், கெட்டியான கலவை. 30 மில்லிமீட்டர் உயரச் சட்டத்தில் ஊற்றி, இரண்டு அங்குலச் சதுரமாகக் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுக்கம்பியை வளைத்துச் செருகி, மறுநாள் எடுத்துத் தொட்டியில் 7 நாள் ஊறப்போட வேண்டும். இரண்டடிக்கு ஒன்று வீதம் 300 சதுர அடிக்கு 75 வேண்டும், மிதித்து உடைவதற்கும் சேர்த்து 100 செய்து வைக்கலாம். சைட்டுக்கு வந்த அன்று செய்தால் பச்சையாக நொறுங்கும், முந்தின முகாமே செய்து வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் கவனிக்காதது. கம்பி முடிச்சுப் போட்டதும் கட்டுக்கம்பியின் வால் கீழ்நோக்கித் தொங்கும், சென்ட்ரிங் தகட்டைத் தொடும். தளம் பிரித்ததும் கூரையடியில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுதான். 30 மில்லிமீட்டர் கவர் விட்டும் உப்பு உள்ளே போக ஒரு திரி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். காங்கிரீட்டுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை அனுப்பி எல்லா வாலையும் மேல்நோக்கி மடக்கிவிடச் சொன்னால் அரை மணி நேர வேலை.

கம்பியை இறக்கி வாரக்கணக்கில் கடல்காற்றில் போட்டுவைப்பதும் பரவலான தப்பு. கட்டை மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, முழுக்க மூட வேண்டும். லேசான பழுப்புப் படலத்தால் கெடுதல் இல்லை, உரிந்து விழும் துருவைக் கம்பி பிரஷ் போட்டு எடுத்தாக வேண்டும். காங்கிரீட்டுக்கு முந்தின மாலை வலை முழுக்க நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால் ஒட்டியிருக்கும் உப்பு போய்விடும். எடை ஏமாற்று இருக்கிறதா என்று பார்க்கச் சுலபக் கணக்கு: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 8 எம்.எம். என்றால் 0.395, 10 எம்.எம். என்றால் 0.617, 12 எம்.எம். என்றால் 0.889.

தளம் போடும் நாள்தான் இந்தக் கூட்டு முறையின் உச்சமும் ஆபத்தும். ஐம்பது பேர் வரிசையில் நின்று சட்டி கைமாற்றுவது பார்க்க அழகு. அத்தனை பேரில் யாரும் கவனிக்காத இடம் மிக்சர் வாய். உத்தேச அளவு இது, சோதனையில் வடிவமைத்த விகிதம் வந்ததும் அதன்படி மாற்றிக்கொள்ள வேண்டும்: ஒரு மூட்டை சிமெண்ட் 1.25 கன அடி. அதே கொள்ளளவில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டு, மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி, 22 லிட்டர் தண்ணீர். எம்-சாண்ட் ஈரமாக வந்திருந்தால் அந்த ஈரத்துக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இவ்வளவு கெட்டியான கலவை சுலபமாக இறங்காது. கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவமும் நீடில் வைப்ரேட்டரும் அவசியம். அவை இல்லாவிட்டால் மேலேயிருந்து குரல் வரும்: "தம்பி, கலவை ஓட மாட்டேங்குது, இன்னொரு வாளி ஊத்துப்பா!" மிக்சர் பக்கம் நிற்கும் பையன் "அண்ணே, கணக்கு முடிஞ்சிருச்சு, மருந்து வேணா ஊத்துறேன்" என்று சொல்லும் தைரியத்தோடு இருக்க வேண்டும். அப்படிச் சொல்ல அவனுக்கு அதிகாரம் கொடுத்திருப்பதாக மேஸ்திரியிடம் காலையிலேயே பொறியாளர் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அனுபவஸ்தரை எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடும். மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டினால் தளம் வழவழவென்று அழகாக முடியும், உள்ளே நுண்துளையாக இருக்கும். உப்புக்கு அதுவே வழி.

எம்25, எம்30 என்று சொல்லிவிட்டு வெறும் கன அளவில் கலப்பதை விதி ஏற்காது. எம்20-க்கு மேல் கலவை விகிதத்தைச் சோதனையில் வடிவமைத்துத்தான் போட வேண்டும். ஆகவே தளத்துக்கு முன்பே பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ ஆய்வகத்திலோ உங்கள் ஜல்லி, உங்கள் மணல், உங்கள் சிமெண்டைக் கொடுத்துச் சோதித்து வாங்குங்கள். தளத்தன்று 15 சென்டிமீட்டர் கட்டிகள் மூன்று எடுத்து வைத்து 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். பொறியியல் கல்லூரிகள் கூட்டாளியாக இருக்கும் திட்டங்களில்கூட இது விட்டுப்போவது வேடிக்கை.

சன்ஷேடைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். சட்டி வாங்க ஏறுகிறவர்கள் அதைத்தான் மிதிப்பார்கள், கம்பி கீழே இறங்கிவிடும், பலகை பிரித்ததும் ஷேடு தொங்கும். நடக்கத் தனிப்பலகை போட்டாக வேண்டும். மூன்று அங்குலத்தில் தொடங்கி இரண்டில் முடிகிற வழக்கமான ஷேடில் 45 மில்லிமீட்டர் கவருக்கு இடமே இல்லை. ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாமல், நாலரை அங்குலக் கனத்துக்குக் குறையாமல் போடுங்கள். அதற்குப் பணமில்லை என்றால் ஷேடே வேண்டாம், ஜன்னலுக்கு மேல் ஓடு சாய்த்துவிடலாம்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். தென்கடல் பக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தளம் போட்ட சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு காய்ந்து சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதும், மட்டம் தட்டிய இடத்தை உடனுக்குடன் பாலிதீன் தாளால் மூடிக்கொண்டே போவதும்தான் வழி. சாப்பாட்டுக்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டால் பாதியில் நின்ற விளிம்பு கெட்டியாகி, மழையில் அந்தக் கோட்டிலேயே ஒழுகும். இரண்டு பந்தி வையுங்கள். முட்டுகளை 15 அடிக்குள்ளான தளத்துக்கு 7 நாளில் எடுக்கலாம் என்பது சாதாரண சிமெண்டுக்குச் சொன்னது. பி.பி.சி., பி.எஸ்.சி. என்றால் இரண்டு வாரம் பொறுப்பதுதான் நல்லது. சென்ட்ரிங் வாடகைக்காக அவசரப்படுத்துகிறவர்கள் சொல்லைக் கேட்காதீர்கள்.

அஸ்திவாரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. கடற்கரை மணல் கரிசலைப் போல வீங்கிச் சுருங்காது, பாரத்தை நன்றாகவே தாங்கும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து செலவைக் கூட்ட வேண்டியதில்லை. வானம் தோண்டும்போது மணல் சரியும், ஓரத்தைச் சாய்த்து வெட்டினால் போதும். பேஸ்மெண்டைக் கடற்கரை மணலைக் கொண்டு நிரப்புவது மட்டும் கூடாது. கரையில் மணல் எடுப்பது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம், அந்த உப்பு தரை வழியாக ஏறிச் சுவரின் முதல் மூன்று வரிசைக் கல்லைப் பொடியாக்கும் என்பது இன்னொரு பக்கம். பேஸ்மெண்ட் மட்டத்தில் 4 அங்குல கான்கிரீட் பெல்ட், தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலிதீன் தாள், இரண்டும் இருந்தால் தரை ஓதம் (ஈரக்கசிவு) மேலே வராது. முன்காலத்தில் இந்தப் பக்கம் பவளப்பாறையை வெட்டிச் சுவர் வைத்தார்கள். இன்று பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பழைய வீட்டை இடித்த கல் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் தொண்டு நிறுவனம் வாங்கக் கூடாது.

வரைபடத்தில் ஒரு பெரிய குறை. 360 சதுர அடிக்குள் ஹால், படுக்கையறை, சமையல், கழிப்பறை எல்லாம் அடக்கிவிடுகிறார்கள். வலை வைக்க, வலை சீர்படுத்த, படகுக்கு வெளியே மாட்டும் எஞ்சினை இறக்கி வைக்க இடமில்லை. கடைசியில் எஞ்சின் படுக்கையறைக்குள் போகிறது, மண்ணெண்ணெய் வாடையோடு. அந்த 60 சதுர அடியைச் சமையலறைக்கு ஒதுக்காமல் கடலுக்கு முதுகு காட்டிய திண்ணையாக வைத்து மங்களூர் ஓடு போட்டால் அந்தக் குடும்பத்துக்கு உண்மையிலேயே பயன்படும். தகரம் போட்டால் உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். கதவு, ஜன்னலுக்கு இரும்பு வேண்டவே வேண்டாம். வேம்பு நிலை, யு.பி.வி.சி. ஜன்னல் போதும்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை சரிதான், ஆனால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் ஆழம் முடிவு செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் நின்றால் கழிப்பறை திரும்பித் துப்பும். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, பீடத்தை இரண்டடி மேடாக்குவதுதான் தீர்வு. குடிதண்ணீர் ஊற்றுக்கும் குழிக்கும் இடையே 10 மீட்டராவது வேண்டும். மனை அவ்வளவு இல்லாத நெருக்கமான குப்பங்களில் நாலைந்து வீட்டுக்குச் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும்.

பெயிண்ட் அடிக்கும் விழா பற்றி ஒரு வார்த்தை. ஸ்பான்சர்கள் வரும் கடைசி நாளில் பூச்சு ஈரம் காயுமுன் எமல்ஷன் அடிக்கிறார்கள். அடுத்த வருடம் பாளம் பாளமாக உரிகிறது. முதல் வருடம் சுண்ணாம்பு போதும், ஒரு மழைக்காலம் கழித்துப் பெயிண்ட் அடிக்கட்டும். படத்துக்கு நிறம் வேண்டும் என்றால் கதவுக்கு அடித்துக்கொள்ளலாம்.

சேரப்போகும் குடும்பங்கள் கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா, மனை 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் எந்த வகையில் விழுகிறது என்பது எழுத்தில் வேண்டும். இது இல்லாமல் வானம் தோண்டினால் பாதியில் நிற்கும். அரசுத் தவணை வேலை முடிந்த கட்டத்தை அளந்த பிறகுதான் வரும், ஆகவே தவணைக்கும் தவணைக்கும் நடுவில் சிமெண்டு வாங்கும் பணத்தை யார் போடுவது என்று தெளிவாக இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் கம்பி வரைபடத்தின் நகல், சிமெண்ட் ரசீது, கட்டி உடைத்த அறிக்கை மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். கடைசியாக, இரண்டாவது மழைக்காலம் முடிந்து ஒருமுறை வந்து பார்த்து, விரிசல், பழுப்புப் புள்ளி இருந்தால் சரிசெய்து தருவதாக உறுதி. பல திட்டங்கள் சாவியைக் கொடுத்து நாடா வெட்டியதோடு முடித்துக்கொள்கின்றன. அந்த ஒரு வருகையை ஒப்புக்கொள்கிறவர்களிடம் தாராளமாகப் போங்கள்.

தேதி குறிப்பதாக இருந்தால், தளம் ஆகஸ்ட் கடைசிக்குள் போட்டாக வேண்டும். செப்டம்பரில் சுவர்ப்பூச்சு, தளத்தின் மேல் தட்டோடு. அதற்குப் பின்னால் தள்ளிப்போனால் வடகடல் பக்கம் வாடைக்காற்று மழையோடு வந்துவிடும், பூசாத சுவர் நனைந்து நிற்கும். அப்படி ஒரு நிலை வந்தால் அந்த வருடம் லிண்டல் மட்டத்தோடு நிறுத்தி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளுக்குச் சிமெண்ட் பால் தடவிச் சாக்கு சுற்றி வைத்துவிட்டு, தை பிறந்ததும் தொடருங்கள்.